வில்லனுக்கு நியூமராலஜி பார்ப்பதில்லை

சினிமாவுக்குக் கதை என்று ஒன்று தேவை என முதலில் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்குக் கோடைக்கானலில் சொந்தமாக ஒரு காட்டேஜ் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால், சென்னையில் வராத கதை மலைமேல் வரும் என்ற நம்பிக்கை தமிழ்ச் சினிமாவில் இவ்வளவு காலம் நீடித்திருக்க நியாயமில்லை. அந்த நம்பிக்கையில் ஒரு குழு வேனில் ஏறி வரும். வருகிற வழியில் இரண்டு பேர் வாந்தி எடுப்பார்கள். பிறகு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டு வட்டமாக உட்காருவார்கள். இதற்குப் பெயர் கதை விவாதம். காலை இட்லியோடு தொடங்கி ராத்திரி சப்பாத்தியோடு முடியும். இடையில் கதையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விவாதிப்பார்கள்.

'வஜ்ரக்கால்' படத்தின் விவாதம் வில்பட்டி ரோட்டில் ஒரு காட்டேஜில் நடந்தது. அங்கே சமையல், காவல், மோட்டார் போடுவது, விருந்தினர் தொலைத்த சாக்ஸைத் தேடுவது எல்லாம் உபகாரத்தின் சோலி. ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு நடப்பவர் அவர்தான். ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவர் பேசி யாரும் நின்று கேட்டதும் கிடையாது. வீட்டில் அவர் ஆரம்பித்த வாக்கியங்களைப் பெரும்பாலும் அவர் மனைவிதான் முடித்து வைப்பார்.

கதை தவிர அந்தப் படத்துக்கு எல்லாம் தயாராக இருந்தது. தலைப்பு இருந்தது, போஸ்டர் இருந்தது, தீபாவளி ரிலீஸ் என்று அறிவிப்பும் இருந்தது. டீசர் வெளிவந்து ஊரெல்லாம் பார்த்தாகிவிட்டது. அதில் நாயகன் ஓர் உதை விடுகிறார், ஒரு மலை இரண்டாகப் பிளக்கிறது. நாயகன் ஏன் உதைத்தார், அந்த மலை அவருக்கு என்ன கெடுதல் செய்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் குழுவின் வேலை.

குழுவுக்குத் தலைவர் இயக்குநர் கோகுல்ராஜ். மற்றவர்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவரவர் துறையைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சென்டிமென்ட் சார் கண் கலங்கினால் அந்தக் காட்சி நிச்சயம் ஆனதாக அர்த்தம். இன்டர்வெல் சார் இடைவேளை பற்றி மட்டும் பேசுவார், அதுவரைக்கும் சோபாவில் படுத்திருப்பார். லாஜிக் என்று ஓர் ஒல்லியான இளைஞர் இருந்தார். கதையில் ஓட்டை இருந்தால் சொல்வதற்காக அவரை நியமித்திருந்தார்கள். அவர் விரலைத் தூக்குவார், யாராவது ஒருவர் அதைப் பிடித்து இறக்கி விடுவார்.

விவாதத்துக்கு ஒரு சடங்கு உண்டு. ஒருவர் ஒரு யோசனை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆழ்ந்து யோசித்துவிட்டு, "ஏற்கனவே வந்துருச்சு" என்று சொல்ல வேண்டும். உடனே எல்லாருக்கும் காபி. உபகாரம் அந்த நாட்களில் போட்ட காபிக்கு ஓர் ஏரியை நிரப்பியிருக்கலாம்.

ஒரு மத்தியானம், கோகுல்ராஜ் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துக்கொண்டே தன் கலைக் கொள்கையை விளக்கினார்.

"நம்மகிட்ட ஆக்‌ஷன் இருக்கு, ஃபேன்டஸி இருக்கு. ஃபேமிலி இல்ல. குடும்பச் சண்டை வேணும். நான் எப்பவும் வாழ்க்கையிலேருந்துதான் கதை எடுப்பேன். என் வாழ்க்கையில சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கல, அது என் தப்பில்ல. அதனால நடந்தவங்ககிட்டேருந்து எடுத்துக்குவேன். வலி யாரோடதா இருந்தா என்ன, டைரக்‌ஷன் என்னோடதுதானே?"

சொல்லிவிட்டு, அப்பளத்தட்டோடு நின்ற உபகாரத்தைப் பார்த்து, உங்கள் வீட்டில் ஏதாவது சண்டை உண்டா என்று கேட்டார்.

உண்டு. உபகாரத்துக்கும் அவருடைய அண்ணன் அருள்மணிக்கும் ஆறேழு வருஷமாகப் பேச்சு இல்லை. அருள்மணி கராத்தே மாஸ்டர். கோவிலுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் சனி, ஞாயிறு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர். அப்பா சவரிமுத்து இறந்தபின் வீட்டையும் காட்டையும் பிரித்துக்கொண்டார்கள். எல்லையில் ஒரு பேரிக்காய் மரம் நின்றது. வேர் தன் வீட்டுச் சுவரைப் பிளக்கிறது என்று, தம்பி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அருள்மணி ஆள் வைத்து மரத்தை வெட்டிவிட்டார். தம்பி திரும்பி வந்து அடிக்கட்டையைப் பார்த்தார். வார்த்தை தடித்தது. அவ்வளவுதான். அப்பா அதற்கு முந்தின வருஷமே, கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர், தூக்கத்திலேயே போயிருந்தார்.

இதை உபகாரம் உள்ளது உள்ளபடி சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சென்டிமென்ட் சாரின் கை அப்பளத்துக்கு நீண்டுவிட்டது. கோகுல்ராஜ் போனை எடுத்தார். உபகாரத்துக்கு அது பழக்கமான காட்சிதான், வீட்டில் தினமும் பார்ப்பது. ஆனாலும் அன்றைக்கு ஏனோ பொறுக்கவில்லை. அண்ணன் கராத்தே மாஸ்டருங்க, என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டார். தலைகள் நிமிர்ந்தன. கோடாலியால் வெட்டினாரா என்று கோகுல்ராஜ் கேட்டார்.

"கோடாலி எதுக்குங்க? ஒரே உதை" என்றார் உபகாரம்.

ஒரு நாற்காலி வந்தது. அந்தக் காட்டேஜில் இத்தனை வருஷத்தில் உபகாரம் துடைக்க மட்டும் செய்திருந்த நாற்காலி. அதில் அவரை உட்கார வைத்து, சினிமா படித்தவர்கள், விமானத்தில் போனவர்கள், எல்லாரும் வாயைத் திறந்து கேட்டார்கள். அந்தச் சுகம் இருக்கிறதே, அதற்குமுன் அண்ணனாவது தம்பியாவது. மறுநாள் அண்ணன் இரண்டாவது உதை விட்டார். அதற்கு மறுநாள் கிணற்று மேடை உடைந்தது. சாம்பாரில் உப்புக் கூடியது, யாரும் குறை சொல்லவில்லை. உபகாரம் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கும்போதே அடுத்த நாளுக்கான அண்ணனைத் தயார் செய்ய ஆரம்பித்தார்.

ஒரு நாள் சென்டிமென்ட் சார் கொட்டாவி விடத் தொடங்கிய நேரம் பார்த்து, மரம் விழுந்தபோது அப்பா எங்கே இருந்தார் என்று கோகுல்ராஜ் கேட்டார்.

உபகாரம் அந்தக் கொட்டாவியையே பார்த்தார். பிறகு, மரத்தடியில்தான் இருந்தார் என்றார். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெட்டாதே என்று அழுதார், அண்ணன் அவரைப் பிடித்துத் தள்ளினார், விழுந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்.

கொட்டாவி பாதியில் நின்றது. சென்டிமென்ட் சாருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சோபாவிலிருந்து இன்டர்வெல் சார் எழுந்து உட்கார்ந்து, "இதான் இன்டர்வெல்" என்று அறிவித்துவிட்டு மறுபடி படுத்தார். கோகுல்ராஜ் உபகாரத்தைக் கட்டித் தழுவினார். லாஜிக் மட்டும் விரலைத் தூக்கினார். அப்பா முந்தின வருஷமே இறந்துவிட்டதாக முதல் நாள் கேட்டது அந்தக் குழுவிலேயே அவருக்கு மட்டும்தான் நினைவிருந்தது. விரலைப் பிடித்து இறக்கினார்கள்.

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது உபகாரத்துக்குக் கை ஓடவில்லை. அப்பாவைக் கடைசி வரைக்கும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி விட்டவர் அண்ணன். நாம் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்று கழுவிய தட்டையே மறுபடி கழுவினார். சரி, பெயரையாவது மாற்றிவிடுவார்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

பெயர் சூட்டுவதற்கென்று சென்னையிலிருந்து ஒரு நியூமராலஜி நிபுணர் வந்தார். நாயகன் பாத்திரத்துக்கு ருத்ரா என்ற பெயரை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் அதற்கு எத்தனை 'எச்' போட்டால் படம் ஓடும் என்பதில் இரண்டு வேளைச் சாப்பாடு போனது. கதாநாயகிக்குப் பெயர் வைத்தார்கள். நாயகன் ஓட்டுகிற பைக்குக்கும் வைத்தார்கள். எல்லாம் முடிந்தபின் உபகாரம் மெல்லப் போய், கதையில் வில்லன் பெயர் இன்னும் அருள்மணி என்றே கிடக்கிறது, அது சொந்த அண்ணன் பெயர், மாற்றிவிடுங்கள் என்று கேட்டார்.

நிபுணர் பொறுமையாக விளக்கினார். "வில்லன் கடைசில சாகப்போறவன். சாகப்போறவனுக்கு நல்ல நம்பர் வச்சுப் பிரயோஜனம் இல்ல. அதனால வில்லனுக்கு நியூமராலஜி பார்க்கிறதில்ல."

பார்க்க வேண்டாம், சும்மா மாற்றினால் போதும் என்றார் உபகாரம். கோகுல்ராஜ் பதறிப்போனார். நியூமராலஜி பார்க்காமல் இந்தப் படத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. வில்லனுக்குப் பார்ப்பதில்லை என்பது நிபுணரின் கட்டளை. ஆகவே அருள்மணி அருள்மணியாகவே இருக்க வேண்டியதாயிற்று. விதிகளை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற இடத்தை உபகாரம் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த அடி எதிர்பாராத பக்கத்திலிருந்து விழுந்தது. வில்லன் வேஷம் போடுகிறவருக்கு அசல் ஆளின் நடை, நிற்கிற விதம், முஷ்டி மடக்குகிற விதம் எல்லாம் வேண்டும் என்று கோகுல்ராஜ் ஆசைப்பட்டார். கம்பெனி மானேஜர் கோவிலுக்குப் பின்னால் இருக்கிற ஹாலுக்குப் போய், படத்துக்குக் கராத்தே பயிற்சியாளராக வர வேண்டும் என்று அருள்மணியைக் கேட்டார். யார் சொல்லி வந்தீர்கள் என்று அவர் கேட்க, உங்கள் தம்பிதான் உங்களைப் பற்றி மணிக்கணக்கில் சொன்னார் என்று மானேஜர் உண்மையைச் சொன்னார்.

மறுநாள் வெள்ளனே காட்டேஜ் அடுப்படி வாசலில் அருள்மணி வந்து நின்றார். தழையும் மண்ணுமாக ஒரு கட்டு கேரட்டை மேடைமேல் வைத்தார். ஆறேழு வருஷம் கழித்து அண்ணனின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில் உபகாரத்துக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"ஏலே உபகாரம், நீ இல்லாதப்ப மரத்த வெட்டுனது எந்தப்புதாம்லே. ஒரு வார்த்த கேட்டிருக்கணும். வீம்புல விட்டுட்டேன். நீ அதெல்லாம் மனசுல வச்சுக்காம, பெரிய எடத்துல எம்பேரச் சொல்லியிருக்க."

"சொன்னேண்ணே" என்றார் உபகாரம். அதில் பொய் ஒன்றுமில்லை.

அருள்மணி அவருடைய தோளில் கையைப் போட்டு ஓர் அழுத்து அழுத்தினார். சின்ன வயசிலிருந்து அவருடைய பிரியம் அப்படித்தான் வெளிப்படும், பேச்சு அதிகம் கிடையாது. அன்று சாயங்காலம் இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது. உபகாரத்தின் மனைவி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். அப்போதே சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். ஆனால் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிற இடத்தில் வாயைத் திறந்து அதைக் கெடுக்க உபகாரத்துக்கு மனசு வரவில்லை. 

படப்பிடிப்பு மன்னவனூர்ப் புல்வெளியில் நடந்தது. இயக்குநர் ஆடுகளை அப்புறப்படுத்தச் சொன்னார், பிறகு கிராமம் என்றால் ஆடு வேண்டாமா என்று திரும்ப வரச் சொன்னார், பிறகு நாயகனுக்கு ஆட்டு வாடை ஆகாது என்று மறுபடி விரட்டினார். நாயகன் வந்தபோது இரண்டு குடைகள் வந்தன. ஒன்று அவருக்கு, ஒன்று அவருடைய வலது காலுக்கு. படத்தில் சூப்பர் பவர் உள்ள கால் அதுதான் என்பதால் அதற்குத் தனி உதவியாளர், தனி நாற்காலி, தனியாக ஒரு போர்வை. இத்தனையும் செய்துவிட்டு, உதைக்கிற காட்சிகளில் அந்தக் காலைப் பயன்படுத்தவில்லை. உதைப்பதற்கு ஆயக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் காலைக் கடன் வாங்கினார்கள். அவனுக்குக் குடை கிடையாது. பேரிக்காய் மரமும் மாறிவிட்டது. பேரிக்காயில் கெத்து இல்லை என்று முடிவாகி, ஆயிரம் வருஷத்து மாயமரம் ஒன்று பிளைவுட்டில் எழும்பியிருந்தது.

உபகாரம் யூனிட்டுக்குச் சாப்பாடு கொண்டு போனவர், சாம்பார் அண்டாவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். மாயமரத்தடியில் அவருடைய அண்ணன் வில்லன் நடிகருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே வெள்ளை வேட்டி கட்டிய ஒரு வயதான நடிகர்.

"கையால தள்ளுனா பொய்யாத் தெரியும் சார்" என்று அருள்மணி சிரத்தையாகச் சொன்னார். "பெத்த தகப்பனையே தள்றாம்னா அம்புட்டு வெறி இருக்கணும்ல? இடுப்புலருந்து தள்ளணும். இந்தா, இப்பிடி."

வயதானவர் மெத்தையில் விழுந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அருள்மணி ஓடிப்போய்ப் பெரியவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அடிபட்டதா ஐயா என்று விசாரித்து, வேட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். இவ்வளவு பாவியான ஒரு மகனை யார்தான் கற்பனை செய்தார்களோ என்று தம்பியிடம் ஆச்சரியப்பட்டார். அவருக்குக் கதை முழுதாகத் தெரியாது. சினிமாவில் யாருக்குமே முழுதாகச் சொல்வதில்லை. வில்லனின் பெயரும் அவருக்குத் தெரியாது. செட்டில் எல்லாரும் வில்லனை வில்லன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

உபகாரத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கோகுல்ராஜிடம் போய், நான் சொன்னது எல்லாம் பொய், அப்பா தூக்கத்தில் செத்துப்போனார், அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்ட கோகுல்ராஜ், விவாதக் குழுவை அவசரமாகக் கூட்டினார். சிக்கன் வறுவல் வந்தது. நீண்ட யோசனைக்குப் பிறகு அவர் பேசினார்.

"அண்ணே, நீங்க பொய் சொன்னீங்கன்னு இப்ப சொல்றீங்க. நாங்க அதை நம்பிட்டோம், அழுதுட்டோம். ஒரு தடவ அழுதது அழுததுதான். உண்மையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? தூக்கத்துல செத்தா இன்டர்வெல் எங்க விடுறது? அப்புறம், படம் ஆரம்பிக்கும்போது எல்லாம் கற்பனையேன்னு கார்டு போடுறோம். நேர்மையா இருக்கணும்கிறதுக்காகத்தானே போடுறோம்?"

லாஜிக் விரலைத் தூக்கினார். இந்த முறை தானே இறக்கிக்கொண்டார்.

உபகாரம் கோவிலில் செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் போய் முழங்காலிட்டுப் பார்த்தார். உடன்பிறந்தவன்மேல் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டேன் என்று ஆரம்பித்ததும், எந்த வழக்கில் என்று சாமியார் கேட்டார். சினிமாவில் என்றதும் அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. நம்ம கோவிலைப் படத்தில் காட்டுகிறார்களா என்று விசாரித்தார். பிறகு நினைவு வந்தவராக, உண்மையை உன் சகோதரனிடம் நேரில் சொல்வதுதான் பரிகாரம் என்றார். உபகாரமும் பல தடவை போனார். ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஏதாவது ஒரு சந்தோஷத்தில் இருந்தார். படத்தில் தன் பெயர் வரும் என்று கராத்தே பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். இல்லையென்றால் ரிலீஸ் நாளுக்கு வேன் பேசிக்கொண்டிருந்தார்.

படம் வந்தது. பழனியில் காலைக் காட்சிக்குப் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், இரண்டு குடும்பத்தார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வேன் மலையிறங்கியது. போகும்போது பிள்ளைகள் மாஸ்டரின் மடியிலும் முதுகிலுமாகத் தொற்றிக்கொண்டு வந்தார்கள். உபகாரம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ரோட்டில் மரம் விழுந்து வண்டி நின்றுவிடக் கூடாதா என்று ஒவ்வொரு வளைவிலும் வேண்டிக்கொண்டார். அன்றைக்குப் பார்த்து மலையில் ஓர் இலைகூட விழவில்லை.

தியேட்டரில் 'பயிற்சி: மாஸ்டர் அருள்மணி' என்று எழுத்து ஓடியதும் பிள்ளைகள் விசிலடித்தார்கள். அதற்குச் சற்று நேரம் கழித்து, திரையில் நாயகன் முதல் முறையாக "டேய் அருள்மணி!" என்று உறுமினார். அப்போதும் விசிலடித்தார்கள், மாஸ்டர் பெயரையே வைத்திருக்கிறார்களே என்று. திரையில் வந்தவர் மாஸ்டர் மாதிரியே நடந்தார். மாஸ்டர் மாதிரியே முஷ்டியை மடக்கினார். மலைக்கிராமத்தில் கராத்தே சொல்லிக்கொடுத்தார், எல்லை மரத்தை உதைத்துத் தள்ளினார், மரத்தைக் கட்டிக்கொண்டு அழுத தகப்பனை இடுப்பிலிருந்து தள்ளினார். இன்டர்வெல் சார் சொன்ன இடத்தில் இடைவேளை வந்தது. விளக்குப் போட்டார்கள். வேனில் வந்தவர்கள் யாரும் முறுக்கு வாங்க எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் பாதியில் தியேட்டரே அந்தப் பெயரைச் சொல்லித் திட்டியது. கடைசியில் நாயகனின் கால் தங்கமாக ஜொலித்தது. அருள்மணி பாறையிலிருந்து பறந்து பள்ளத்தில் விழுந்தபோது முன்வரிசையில் எழுந்து ஆடினார்கள். கராத்தே பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் பழக்கத்தில் கைதட்டிவிட்டு, பக்கத்தில் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாப் பெயர்களும் ஓடி முடியும் வரைக்கும் திரையையே பார்த்தார்.

அடிவாரத்தில் வேனை நிறுத்திக் கொய்யாப்பழம் வாங்கி எல்லாருக்கும் அவரே கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள், யாரும் கடிக்கவில்லை. வேன் மலையேறத் தொடங்கியது. பிள்ளைகள் அவரவர் அம்மா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவருக்குப் பின்சீட்டில் மாஸ்டர் மட்டும் தனியாக இருந்தார். வடகவுஞ்சிப் பிரிவு தாண்டியதும் அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் என்ன நெனைக்கிறீகன்னு தெரியுது. இது எங்க வீட்டுக் கதைதான், நான் இல்லேங்கல. மரத்த நான் வெட்டுனேன். ஆனா மத்தது பூராம் சினிமாக்காரங்க கண்ணு காது மூக்கு வச்சுச் சேத்தது. எந்தம்பி வாயிலருந்து அப்பிடி ஒரு வார்த்த வராது. ஏலே உபகாரம், நீயே சொல்லுலே."

வேன் முழுவதும் உபகாரத்தைப் பார்த்தது. இத்தனை பேர் அவர் வாயைப் பார்ப்பது வாழ்க்கையில் இரண்டாவது முறை. அவர் எழுந்து நின்றார். முன்சீட்டைப் பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது.

"நாந்தாங்க சொன்னேன்" என்றார். "எல்லாம் நாஞ்சொன்ன பொய்யி. நம்மளையும் நாலு பேரு கேக்குறாங்களேன்னு சொல்லிப்புட்டேன். அப்பா தூக்கத்துலதான் போனாரு. அண்ணன் அவர்மேல ஒரு நாளும் கைநீட்டுனதில்ல. கடேசி வரைக்கும் குளிப்பாட்டி, துணி மாத்தி, எல்லாம் பாத்தது அண்ணந்தான். நாங்கூட இல்ல. அண்ணந்தான்."

அவருக்கு அழுகை வந்தது. அத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது போல இருந்தது. இனி அண்ணன் என்ன செய்தாலும் சரி, ஊர் என்ன சொன்னாலும் சரி என்று தோன்றியது.

ஊர் சொன்னது வேறு. அவருக்குப் பின்சீட்டில் இருந்த பொன்னுத்தாய், ஓர் ஓட்டலில் ரூம் சுத்தம் செய்கிறவர், மகனை இரண்டு வருஷமாக வகுப்புக்கு அனுப்புகிறவர், பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வேனில் எல்லாருக்கும் கேட்டது.

"பாவம், அண்ணங்காரரு கண்ணு முன்னாடி நிக்கையில வேற என்னத்தச் சொல்லுவாரு?"

ஆமாம் என்று இரண்டு மூன்று தலைகள் அசைந்தன. கை நடுங்குவதைப் பாருங்கள் என்று ஒருவர் சுட்டிக் காட்டினார். இல்லைங்க, நெசம்தாங்க என்று உபகாரம் அழுதுகொண்டே சொன்னார். அழ அழ அவர்களுக்கு நிச்சயமாகிக்கொண்டே போனது. பொன்னுத்தாய் எட்டி அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். "பயப்படாதீங்கண்ணே. இத்தன பேரு இருக்கம்ல. ஒண்ணும் பண்ண விட்ருவமா?"

அருள்மணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து, ஆடுகிற வேனில் தம்பியை நோக்கி வந்தார். பிள்ளைகள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் வந்து நின்று தம்பியின் முகத்தைப் பார்த்தார்.  வலது கையைத் தூக்கித் தம்பியின் தோளை நோக்கி நீட்டினார்.

உபகாரம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னலோடு ஒடுங்கினார்.

அப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. உடம்பு தானாகச் செய்துவிட்டது. வேனில் யாரோ ஐயோ என்றார்கள். உபகாரம் விரல்களை விலக்கிப் பார்த்தபோது அண்ணனின் கை பாதியில் நின்றிருந்தது. அருள்மணி தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே இறக்கினார். திரும்பிப் போய் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, கோடைக்கானல் வந்து சேரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.